ஐஸ் பெட்டியும் நைட்ரஜன் கேனும்: திருநகரில் ஒரு சின்னக் குழுவின் 18 மாதம்

இந்த விவகாரம் ஒரு ஐஸ் பெட்டியில் தொடங்கியது. மதுரைப் பக்கம் சாவு வீட்டில் வெளிநாட்டு மகனுக்காகக் காத்திருப்பது இப்போது சகஜம். ஒரு போன் போட்டால் போதும், கண்ணாடி மூடி போட்ட பெட்டி வேனில் வந்து இறங்கிவிடும். எங்கள் வாத்தியாரின் அக்கா இறந்தபோதும் அப்படித்தான். மகன் வந்து சேர இரண்டு நாள் ஆனது. வந்தவன் ராத்திரி முழுக்கப் பெட்டியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் வாத்தியாரிடம் கேட்டான்: "மாமா, இந்தப் பெட்டிக்குள்ள எத்தனை டிகிரி இருக்கும்?"

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. நான் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். உசிலம்பட்டி, சேடபட்டி, மேலூர்ப் பக்கம் 30 வருடத்துக்கு மேல் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவன். ஊர்க்காரர்கள் 'டாக்டரய்யா' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். காளை விந்து உறைந்து கிடக்கும் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் கேனை டிவிஎஸ் 50இல் கட்டிக்கொண்டு அலைந்தவனுக்கு டிகிரி என்றால் காது நிமிரும்.

அந்தத் தம்பிக்கு வெளிநாட்டில் மென்பொருள் வேலை. தான் இறந்த பிறகு உடலைத் திரவ நைட்ரஜனில் வைக்கச் சொல்லி, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிரையானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் பதிவு செய்திருக்கிறான். என்றாவது மருத்துவம் வளர்ந்து எழுப்பிவிடும் என்பது கணக்கு. அம்மாவையும் சேர்க்க நினைத்தானாம். எப்படிப் பேச்சை எடுப்பது என்று தயங்கியே ஆறு வருடம் ஓடிவிட்டது. அந்த நிறுவனத்தை 1976இல் தொடங்கிய ராபர்ட் எட்டிங்கர், அடுத்த வருடமே அங்கே முதல் ஆளாக வைத்தது தன் அம்மாவைத்தான். இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் கம்மியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவன் இரண்டு லட்சம் ரூபாயை வாத்தியாரிடம் கொடுத்தான். இதற்கு மதுரையிலும் ஒரு குழு வேண்டும் என்றான். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், நான், ஒரு மருந்துக் கடைக்காரர், இரண்டு கல்லூரிப் பையன்கள், காப்பீட்டு முகவர் ஒருவர், தம்பி என்று ஏழு பேர். ஞாயிறு சாயங்காலம் திருநகரில் வாத்தியார் வீட்டு மாடியில் கூடுவோம்.

முதல் நாளே தகராறு வந்தது.

"முதல்ல ஆள் சேர்ப்போம் மாமா. அம்பது பேர் சேர்ந்துட்டா இங்கயே டேங்க் வச்சிரலாம். ஆளு இருந்தாத்தான் பணம், பணம் இருந்தாத்தான் ஆராய்ச்சி."

"வேலை செய்யுமான்னே தெரியாத ஒண்ணுக்கு என்னத்தச் சொல்லிடா ஆள் சேர்ப்ப? முதல்ல ஆராய்ச்சி."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதனால் நாங்கள் செய்தது, ஒரு லட்சம் ஆள் சேர்க்க, ஒரு லட்சம் ஆராய்ச்சிக்கு என்று பாதிக்குப் பாதி பிரித்ததுதான். அன்றைக்குப் பெரிய நியாயஸ்தர்கள் மாதிரி எழுந்து போனோம். நடந்த பிசகுகளில் முதலாவது அது என்று இப்போது படுகிறது.

மற்றவர்கள் பட்டது

எங்கள் சண்டை, இப்படி உடலை உறைய வைக்கும் கிரையானிக்ஸ் இயக்கத்தின் வயதே ஆன சண்டை. எட்டிங்கர் ஒரு இயற்பியல் ஆசிரியர். 1962இல் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டு, அது 1964இல் பெரிய பதிப்பகம் வழியாக வெளிவந்து, அதிலிருந்துதான் எல்லாம் கிளம்பியது. அதாவது பரப்புரை முந்திக்கொண்டது, சோதனைச்சாலை பின்னால் ஓடி வந்தது. 1967 ஜனவரி 12 அன்று ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்கிற உளவியல் பேராசிரியரை முதன்முதலாக உறைய வைத்தார்கள். முன்னின்றவர் ராபர்ட் நெல்சன். டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர்.

பெட்ஃபோர்டை அவர் குடும்பத்தார் பொறுப்பெடுத்துக் கொண்டுபோய்விட்டதால் அவர் இன்றுவரை நைட்ரஜனில் இருக்கிறார். நெல்சனிடமே இருந்தவர்களின் கதி வேறு. கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில், ஒரு கல்லறைத் தோட்டத்து நிலவறையில் வைத்திருந்தார். உறவினர்கள் மாதாமாதம் அனுப்ப வேண்டிய பணம் நின்றது. மனசு கேட்காமல் புதிதாக வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரே கலத்தில் பல உடல்களை அடுக்கினார். நைட்ரஜன் ஊற்றக் காசில்லை. 1979இல் திறந்து பார்த்தபோது ஒன்பது உடல்கள் அழுகிக் கிடந்தன. வழக்கு நடந்து 1981இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது.

அவரைத் திருடன் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. சீட்டு நடத்தி நொடித்துப்போன நல்ல மனிதர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். புதுச் சீட்டுப் பணத்தில் பழைய பாக்கியை அடைக்கிறவனுக்கு ஆள் சேர்ப்பது ஆசையாக இருக்காது, வேறு வழி இல்லாமல் செய்வான்.

அதற்கப்புறம் வந்தவர்கள் இதில் ஒரு பாடம் படித்தார்கள். பணம் முழுவதும் முன்னாலேயே, பெரும்பாலும் ஆயுள் காப்பீடு வழியாக, மொத்தமாக வந்துவிட வேண்டும். அதன் வருமானத்தில் நைட்ரஜன் ஊற்ற வேண்டும். மிச்சிகனில் 28,000 டாலர். அரிசோனாவில் இதே வேலை செய்யும் ஆல்கோர் என்ற நிறுவனத்தில் முழு உடலுக்கு 2,00,000 டாலருக்கு மேல், தலைக்கு மட்டும் என்றால் 80,000. ஆல்கோரில் உடலைத் தலைகீழாக நிறுத்தி வைக்கிறார்கள். நைட்ரஜன் மட்டம் இறங்கினாலும் கடைசியாக உருகுவது தலையாக இருக்கட்டும் என்று. எனக்கு இந்த இயக்கத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தப்பு நடக்கும் என்று முன்கூட்டி ஒத்துக்கொண்டு செய்த ஏற்பாடு.

ஆராய்ச்சிப் பக்கம் கதை வேறு மாதிரி. உறைநிலை உயிரியல் விஞ்ஞானிகளின் சங்கம் 1982இல் தன் விதியையே திருத்தி, இறந்தவரை எழுப்பும் நம்பிக்கையில் உறைய வைக்கிற வேலையிலோ அதைப் பரப்புவதிலோ ஈடுபடுகிறவருக்கு உறுப்பினராக இடமில்லை என்றது. ஆள் சேர்க்கப் போட்ட சத்தம் ஆய்வாளர்களைத் துரத்திவிட்டது என்று இதைப் படிக்கலாம். இருந்தும் வேலை நடந்தது. கலிபோர்னியாவில் கிரெக் ஃபாஹியின் குழு ஒரு முயலின் சிறுநீரகத்தை மைனஸ் 120க்கும் கீழே, பனிப் படிகம் கட்டாமல் கண்ணாடி மாதிரி இறுகும் நிலைக்குக் கொண்டுபோய், திரும்ப வெதுப்பி, முயலுக்கே பொருத்தியது. முயல் அந்த ஒரே சிறுநீரகத்தில் 48 நாள் இருந்தது. 2009இல் கட்டுரையாக வந்தது. அந்தச் சோதனைச்சாலையை ஊட்டி வளர்த்தது ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் சந்தா இல்லை, இதில் ஊறிப்போன ஓரிரு பணக்காரர்களின் பை. 2023இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை 100 நாள் வரை வைத்து, இரும்பு நுண்துகள்களைக் கொண்டு சீராக வெதுப்பி, ஐந்து எலிகளுக்குப் பொருத்தினார்கள். ஐந்திலும் வேலை செய்தது. அவர்கள் தேடுவது உறுப்பு வங்கி. செத்தவரை எழுப்புவது அவர்கள் பட்டியலிலேயே கிடையாது.

நடுவில் ஒரு வேடிக்கை. மூளையின் இணைப்புகளை ரசாயனத்தால் கெட்டியாக்கி உறைய வைக்கும் முறைக்கு 2016இல் முயல் மூளைக்காகவும் 2018இல் பன்றி மூளைக்காகவும் பரிசு கிடைத்தது. அருமையான வேலை. கையோடு அந்த முறைக்காரர்கள் நெக்டோம் என்று நிறுவனம் தொடங்கி, தலைக்குப் பத்தாயிரம் டாலர் முன்பணம் வாங்கிக் காத்திருப்போர் பட்டியல் போட்டார்கள். 25 பேர் கொடுத்தார்கள். இது செய்தியானதும் கூட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் கையை உதறிக்கொண்டது. 25 ஆளைச் சேர்க்கப் போய் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டார்கள்.

கூட்டம்

எங்கள் முதல் கூட்டம் தல்லாகுளம் பக்கம் ஒரு சின்ன ஹாலில். போஸ்டர், நோட்டீஸ், மைக், சமோசா, டீ எல்லாம் சேர்த்து ஆள் சேர்ப்புப் பணத்தில் கால்வாசி அன்றே போனது. கூட்டம் நிறையத்தான் வந்தது. தம்பி படம் போட்டு விளக்கினான். அப்புறம் கேள்விகள்.

"ஐஸ் பெட்டி மாதிரிதானே தம்பி?"

"திதி எந்தத் தேதியில குடுக்கிறது?"

"எந்திரிச்சு வந்தா பென்ஷன் அரியரோட கிடைக்குமா?"

எல்லாரும் சிரித்தோம். பின்வரிசையில் ஒரு அம்மா சிரிக்காமல் கேட்டார்: "எந்திரிச்சு வந்தா அங்க எனக்கு யாரத் தெரியும்?" தம்பியிடம் பதில் இல்லை. அம்மாவை நினைத்திருப்பான்.

பதினோரு பேர் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் செலவுக் கணக்கைச் சொன்னோம். மிச்சிகன் கட்டணமே நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல், விமானத்தில் கொண்டுபோவது தனி. பதினொன்று இரண்டானது. அந்த இரண்டு பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அன்னைக்கு ராத்திரி இங்க யாரு வந்து என்ன செய்வீங்க?"

நான் இதைக் கேட்டபோது என் சினை ஊசி நாட்கள் ஞாபகம் வந்தன. ஆரம்பத்தில் ஊசிக்கு மாட்டை ஓட்டிவர யாரும் தயாராக இல்லை. காளை இல்லாமல் கன்றா என்பார்கள். அப்புறம் ஒரு தெருவில் ஒரு மாடு ஜெர்சிக் கன்று போடும். அடுத்த வாரம் மூன்று வீட்டில் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்தில் நான் ஒரு நோட்டீஸ் அடித்ததில்லை. கன்றுதான் நோட்டீஸ். அந்தக் கன்றுக்குப் பின்னால் 1949இல் இங்கிலாந்தில் கிளிசரின் சேர்த்தால் சேவல் விந்து உறைந்தும் பிழைக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் விந்து அடைத்த சில குச்சிகளை 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம் போட்டு உருக்கி, நுண்ணோக்கியில் பாதியாவது நீந்துகிறதா என்று பார்த்து வெளியே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். உருக்கிப் பார்த்துத்தான் உறைய வைத்தது சரியா என்று சொல்ல முடியும். கிரையானிக்ஸில் அந்த உருக்கிப் பார்க்கிற குச்சியே கிடையாது. ஒரு நாயோ பூனையோ போய்த் திரும்பி வரவில்லை.

நெல்பேட்டைச் சிறுநீரகம்

ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பழைய 3 லிட்டர் கேன், நைட்ரஜன், ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கினோம். மிச்சத்தை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு லட்சம் என்பது கூட்டம் போட நிறைய, ஆராய்ச்சிக்கு ஒன்றுமே இல்லை. பாதிக்குப் பாதியின் லட்சணம் அப்போதுதான் புரிந்தது.

சரி, எதையாவது உறைய வைத்துப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்பேட்டையில் ஆட்டுச் சிறுநீரகம் இரண்டு வாங்கி வந்தேன். வாத்தியார் வீட்டு மொட்டை மாடி. நைட்ரஜனை வாயகன்ற தெர்மாக்கோல் டப்பாவில் ஊற்றி, முதல் சிறுநீரகத்தை இடுக்கியால் மெல்ல இறக்கினேன். கொதித்தது, புகைந்தது, அடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் குறுக்கே விரிசல். வெளிப்புறம் கல்லாக இறுகிவிடுகிறது. உட்புறம் பின்னால் குளிர்ந்து சுருங்குகிறது. இழுப்பு தாங்காமல் உடைகிறது. சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆகிற சங்கதியின் அண்ணன் தம்பி.

தம்பிக்கு இது புதிதில்லை. நிதானமாகக் குளிர்வித்தால் விரிசல் குறையும், முழுக்கப் போகாது என்றான். அந்தச் சத்தத்தைக் கேட்டு எண்ணுவதற்கென்றே ஆல்கோரில் ஒரு கருவி உண்டாம். அதை அவன் கூட்டத்தில் சொல்லியிருக்கவில்லை.

"அடுத்த கூட்டத்துல இதையே செஞ்சு காட்டணும்" என்றார் வாத்தியார்.

"ஓடிருவாங்க மாமா."

"ஓடட்டும்டா."

மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. முகவர் நண்பர் தம்பி பக்கம், கல்லூரிப் பையன்கள் வாத்தியார் பக்கம், நான் கேனின் பக்கம். கடைசியில் செய்து காட்டினோம். 'டப்' சத்தம் மைக்கில் கேட்டது. பெயர் கொடுத்த இரண்டு பேரும் எழுந்து போனார்கள். போகாமல் மேடைக்கு வந்து விரிசலைத் தொட்டுப் பார்த்தவர்களும் இரண்டு பேர். ஒருவர் கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் பெண். இன்னொருவர் கண் தானத்துக்காக வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்.

ஆறு மணி நேரம்

அந்தத் தன்னார்வலர் டீ குடித்தபடி சாதாரணமாகக் கேட்டார்: "எங்களுக்கு ஆறு மணி நேரம் இருக்கு சார். உங்களுக்கு எவ்வளவு?"

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் கருவிழி பயன்படும். அதற்குள் வீட்டார் செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம்: மின்விசிறியை நிறுத்து, இமையை மூடி ஈரப் பஞ்சு வை, தலைக்குத் தலையணை கொடு, போன் பண்ணு. மூளைக்கோ ரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் ஆட்கள் படுக்கை ஓரத்திலேயே காத்திருந்து, மருத்துவர் இறப்பை அறிவித்த கையோடு ஐஸ் குளியலும் நெஞ்சு அழுத்தமும் தொடங்குகிறார்கள். இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் இருந்த உடலில் காப்பாற்றுவதற்கு என்ன மிச்சமிருக்கும்? அந்தக் கேள்வியைத் தம்பியின் முன்னால் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கண் வங்கிக்காரர்கள் நம் ஊரில் எப்படி ஜெயித்தார்கள் என்று அன்று நிறையப் பேசினோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறவர் கையில் காட்டுவதற்குப் பார்வை வந்த ஒரு மனிதர் இருக்கிறார். எடுத்த கருவிழியைப் பழைய கரைசலில் நான்கு நாள்தான் வைக்க முடியும். 14 நாள் வரை வைக்கிற கார்னிசால் என்கிற கரைசலை மதுரையிலேயே ஆரோலேப் தயாரிக்கிறது. நாள் கூடினால் கருவிழி வீணாவது குறையும், கொடுத்த குடும்பத்துக்குத் திருப்தி, பக்கத்து வீட்டுக்காரர் அடுத்து போன் செய்வார். அங்கே ஆராய்ச்சிக்கு எவ்வளவு, ஆள் சேர்க்க எவ்வளவு என்று யாரும் மாடியில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் வாத்தியார் ஒரு காரியம் சொன்னார். மதுரையில் இருந்துகொண்டு மூளை ரசாயனமெல்லாம் நம்மால் ஆகாது. ஆனால் ஒரு ஆள் செத்தால் எத்தனை நிமிடத்தில் ஐஸ் வரும் என்று நம்மால் பார்க்க முடியும். "நான் செத்துப் படுக்கிறேன், பாருங்க."

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு வாத்தியார் கட்டிலில் படுத்தார். நான் கடிகாரம். மருந்துக் கடைக்காரர் மருத்துவரை எழுப்பப் போனார். சான்றிதழ் தர வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் அவர், அதுவும் உண்மைச் சாவாக இருந்தால். பையன்கள் பார் ஐஸுக்கு ஓடினார்கள். ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்தது. கடைசியில் மீன் வண்டிக்காரர் ஒருவரிடம் கெஞ்சி நாலு பார் வாங்கி, ஆட்டோவில் சாக்கு சுற்றிக் கொண்டுவந்தபோது இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. குளிக்க வைக்கும் தொட்டி வீட்டில் இல்லை. இதற்குள் உறவுக்காரர்கள் வந்து, மாரடித்து, நீர்மாலை எடுக்கக் கிளம்பியிருப்பார்கள். அவர்களிடம் யார் என்ன சொல்வது என்று எங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. வாத்தியாரின் மனைவி அடுப்படியில் இருந்து வெளியே வந்து ஒரே ஒரு தடவை சொன்னார்: "உசுரோட இருக்க மனுசனப் படுக்க வச்சுக் கடிகாரம் பாக்குறீங்களே, வெளங்குமா?"

18 மாதத்தில் நாங்கள் செய்த ஆராய்ச்சி இது ஒன்றுதான் என்பேன். செலவு ஆயிரத்துச் சொச்சம். இதைக் கூட்டம் போடுவதற்கு முன்னாலேயே செய்திருந்தால் அந்தப் பதினோரு பேரிடம் படிவத்தை நீட்டியிருக்க மாட்டோம். தம்பி பதினெட்டாம் மாதம் ஆள் சேர்ப்பை நிறுத்திவிட்டான், யாரும் சொல்லாமலே.

மிச்சமிருந்த பணத்தில் நைட்ரஜன் வாங்கி, கேனை அந்தக் கால்நடைப் பெண்ணின் ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறோம். அவர் வெள்ளாட்டுக் கிடாவின் விந்தை உறைய வைக்கிறார். மாட்டுக்குச் சேர்க்கிற முட்டை மஞ்சள் கருவை அப்படியே வெள்ளாட்டுக்குச் சேர்த்தால் விந்தணு செத்துவிடும். அதன் விந்துநீரில் உள்ள ஒரு நொதி மஞ்சள் கருவோடு சேர்ந்து நஞ்சாகிவிடுகிறது. விந்துநீரைக் கழுவி எடுக்கிறார், மஞ்சள் கருவைக் குறைத்துப் பார்க்கிறார். உருக்கிப் பார்க்கிற குச்சி அவரிடம் இருக்கிறது.

தம்பி மிச்சிகன் பதிவை ரத்து செய்யவில்லை. அவன் அப்பாவுக்கு 79 வயது. ஒத்திகை ராத்திரியில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர், முடிந்ததும் மகனிடம், "என்னையத் தத்தனேரிக்கே கொண்டு போயிரு. உங்கம்மாவ எரிச்ச எடந்தான்" என்றார். அவன் சரிப்பா என்றான். கண் தானப் படிவத்தில் மட்டும் அப்பாவும் மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கேனுக்கு நைட்ரஜன் ஊற்றுவது இன்னும் என் பொறுப்பு. பத்து நாளைக்கு ஒருமுறை அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் ஆட்டி, பனி எதுவரை படிகிறது என்று பார்ப்பேன். வெயில் காலத்தில் சீக்கிரம் இறங்கும். எங்கிருந்தாலும் தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவான்: எத்தனை சென்டிமீட்டர் மாமா? என்னையும் இப்போது மாமா என்கிறான். நேற்று எட்டு.